பஸ்ரா பெரியப்பா

முதல் உலகப்போர் ஓய்ந்து 100 ஆண்டு நிறைந்த நாள், 2018 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். படுத்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். காபி மட்டும் குடித்துவிட்டு, போரில் இறந்தவர்களின் நினைவாக இங்கே அணியும், ரயில் நிலைய வாசலில் வாங்கி வைத்திருந்த சிவப்புக் காகிதப் பூவை மேல்கோட்டில் குத்திக்கொண்டு விம்பிள்டன் குன்றுச் சாலையில் ஏறத் தொடங்கினேன். நடைபாதை முழுக்க ஈர இலைகள் ஒட்டிக் கிடந்தன. 93-ஆம் எண் பேருந்து மேலேதான் போகும். அன்று நடந்து போக வேண்டும் என்று தோன்றியது.

நம் ஊரில் விம்பிள்டன் என்றால் டென்னிஸ். என் அப்பாவுக்கு ராமநாதன் கிருஷ்ணன். 1960-இலும் 1961-இலும் அவர் இங்கே அரையிறுதி வரை வந்த கதையை எத்தனை முறை கேட்டு வளர்ந்தேனோ கணக்கில்லை. நான் இங்கே நர்ஸ் வேலைக்கு வந்த முதல் வாரம் தொலைபேசியில் அப்பா கேட்டதும் அந்தத் திடலைப் பார்த்தாயா என்றுதான். அதே சென்டர் கோர்ட்டின் மேல் 1940 அக்டோபரில் ஜெர்மானியக் குண்டு விழுந்து 1,200 இருக்கைகள் நாசமானதும், போர்க்காலத்தில் அந்த வளாகத்தில் பன்றியும் கோழியும் வளர்த்ததும் எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. ஊரின் போர் நினைவுச் சின்னம் குன்றின் உச்சியில், கடைத்தெரு முடிந்து பெரிய புல்வெளி தொடங்கும் இடத்தில் நிற்கிறது. வடிவமைத்தவர் தாமஸ் கிரஹாம் ஜாக்சன். அதே கடைத்தெருவில் ஈகிள் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் குடியிருந்தவர்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் சாலை வரை நிரம்பியிருந்தது. மார்பில் பதக்கம் குத்திய முதியவர்கள், சாரணர் உடுப்பில் பிள்ளைகள், தோளில் குழந்தையோடு அப்பாக்கள். பதினொரு மணிக்கு எல்லாம் நின்றது. இரண்டு நிமிடம். 1919-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கேட்டுக்கொண்டு தொடங்கிய வழக்கம் அது. அத்தனை பேர் கூடிய இடத்தில் ஒரு குழந்தையின் சிணுங்கலும் கொடி படபடக்கும் ஓசையும் தவிர வேறு சத்தமில்லை. நம் கோயில் கூட்டத்தில் வளர்ந்த எனக்கு இத்தனை பேர் சேர்ந்து மௌனமாக நிற்பதைப் பார்க்க ஒவ்வோர் ஆண்டும் உடம்பு சிலிர்க்கும்.

அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கு ஞாபகம் வந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாளின் கையைப் பார்த்தபோது விளங்கியது.

அவருக்கு எழுபது வயது இருக்கும். வெள்ளைக் கைக்குட்டைக்குள் ஒரு வட்டத் தகட்டை வைத்து இரு கையாலும் பிடித்திருந்தார். வெண்கலம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. மௌனம் முடிந்து மாலைகள் வைக்கத் தொடங்கியபோது என் பார்வையைக் கவனித்துத் தகட்டை என் பக்கம் திருப்பினார். “என் அப்பாவின் அண்ணன். பிரான்சில் இறந்தார்” என்றார். “கையில் வாங்கிப் பாருங்கள்.”

தகட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் மூன்று முனைச் சூலம், நீட்டிய மறுகையில் இலைமாலை, காலடியில் சிங்கம். விளிம்பைச் சுற்றி, இவர் விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் உயிர் நீத்தார் என்ற வாசகம். ஒரு சிறு சட்டத்துக்குள் இறந்தவரின் பெயர் மேடிட்ட எழுத்தில் வார்க்கப்பட்டிருந்தது. பதவி இல்லை, பட்டாளத்தின் பெயரும் இல்லை, ஆளின் பெயர் மட்டும். பெயரின் மேல் என் விரல் போனது. நான் அந்தத் தகட்டை அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் அது எங்கள் வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குக் குங்குமம் வைத்தார்கள்.

என் அம்மாவைப் பெற்ற ஆயாவின் ஊர் வேலூருக்குத் தெற்கே, கம்மவான்பேட்டைக்கு அருகில் ஒரு சிற்றூர். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். சுற்றுவட்டாரத்திலும் அந்தப் பழக்கம் உண்டு. வானம் பார்த்த பூமி, கடன், அடுத்த வேளைக் கேழ்வரகு, இவைதான் அந்த இளைஞர்களை பெங்களூருக்கு ரயிலேற்றின. முதல் உலகப்போர்க் காலத்தில் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். அந்தப் 11 ரூபாய்க்காகப் போனவர்தான் ஆயாவின் பெரியப்பா.

அவர் கதையை ஆயா எனக்குச் சொன்னது 1999 ஜூலையில். நான் அப்போது வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். கார்கில் போர் நடந்துகொண்டிருந்தது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன், பிகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனில் இருந்தவர், மே 29-ஆம் தேதி பட்டாலிக் பகுதியில் பகைவரின் பதுங்குகுழிகளை நோக்கித் தன் வீரர்களை நடத்திப் போய் உயிரிழந்தார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. மலையில் கிடந்த அந்த உடலுக்காகத் தமிழ்நாடே காத்திருந்தது. கடைசியில் அவர் திருச்சிக்கு வந்து சேர்ந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் பிள்ளையாச்சும் ஊட்டுக்கு வந்துச்சு. எங்க பஸ்ரா பெரியப்பா வரவே இல்ல” என்றாள்.

நான் அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

“பாலம் போடுற பட்டாளத்துல இருந்தாராம். கப்பல்ல பஸ்ராவுக்குக் கூட்டிக்கினு போனாங்க. அங்கியே பூட்டாரு. குண்டு பட்டுச்சா, பேதி வந்துச்சா, யாருக்குத் தெரியும்? ரொம்ப நாள் கழிச்சு ஒரு அட்டப்பொட்டியில அந்தத் தகடு வந்துச்சாம். கையில சூலம், பக்கத்துல சிங்கம். நாங்க அம்மன்னுதான் நெனச்சோம். சாமி மாடத்துல வெச்சு, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எங்கம்மா குங்குமம் வெப்பா.”

பல ஆண்டுகள் அது மாடத்தில் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய ஓர் உறவினர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, இது அம்மன் இல்லை, செத்தவனுக்கு வெள்ளைக்காரன் கொடுக்கிற தகடு என்று சொல்லிவிட்டார். சாவுப் பொருளை சாமியோடு வைக்கலாமா என்று பதறிப் பரணுக்கு ஏற்றினார்கள். பிறகு ஒரு பஞ்ச வருடம். தெருவில் எவர்சில்வர்காரன் வந்தான். பழைய பித்தளை, வெண்கலத்தைப் போட்டால் புதுப் பாத்திரம். உடைந்த குத்துவிளக்கு, ஓட்டை அண்டா இவற்றோடு ஆயா அந்தத் தகட்டையும் எடைக்குப் போட்டாள். கைக்கு வந்தது ஒரு தூக்கு. என் அம்மா பள்ளிக்கூடத்துக்குச் சோறு எடுத்துப்போனது அதில்தான். சின்ன வயதில் நான் பால் வாங்கப் போனதும் அதில்தான்.

“அவர் பேர் என்ன ஆயா?” என்று கேட்டேன்.

ஆயாவுக்குத் தெரியவில்லை. அவள் அப்பா அவளுக்கு விவரம் தெரியும் முன்பே இறந்துவிட்டார். அவள் அம்மாவோ மூத்தாரின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். கணவனின் பெயரையும் கணவனின் அண்ணன் பெயரையும் சொல்வது மரியாதைக் குறைவு என்று வாழ்ந்த தலைமுறை. ‘பெரியவரு’ என்பாள், ‘பஸ்ராவுக்குப் போனவரு’ என்பாள். பெயர் தகட்டில் இருந்தது, ஆங்கிலத்தில். அந்த வீட்டில் அதைப் படிக்க யாருமில்லை. எங்கள் குலத்தில் ஒருவரின் பெயர் மரியாதையாலும் எழுத்தறியாமையாலும் பசியாலும் மறைந்துபோனது. ஆயாவின் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொடுக்கப் பாத்திரம் வேண்டியிருந்தது.

குன்றின் மேல் அந்த அம்மாளிடம் தகட்டைத் திருப்பிக் கொடுத்தபோது இதில் பாதியைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது என்று மட்டும் சொன்னேன். “இந்தியாவிலா?” என்று வியந்து கேட்டார். பேரரசு முழுக்க 13 லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் வார்க்கப்பட்டு இறந்தவர்களின் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன என்பதைப் பிறகு படித்தேன். அவற்றில் எத்தனை தகடுகள் நம் ஊர்களில் குத்துவிளக்கோடும் அண்டாவோடும் சேர்ந்து உருகினவோ.

பாலம் போடுற பட்டாளம் என்று ஆயா சொன்னது மெட்ராஸ் சாப்பர்ஸ் படையாகத்தான் இருக்க வேண்டும். பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டித் தலைமையகம் கொண்ட படைப்பிரிவு. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் தொழில். இந்திய ராணுவத்தில் இன்றுவரை அவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. இதை நான் எந்தப் புத்தகத்திலும் முதலில் படிக்கவில்லை. விம்பிள்டனுக்கு வந்த சில ஆண்டுகளில், என் வார்டில் தொண்ணூறு கடந்த ஆங்கிலேய நோயாளி ஒருவர் இருந்தார். பர்மாவில் போரிட்டவர். மருந்து கொடுக்கப் போன என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தெளிவான தமிழில் “தம்பி” என்றார். நான் திகைத்துப் போனேன். அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒரு சொல்தான். ஆற்றில் கழுத்தளவு நீரில் நின்று பாலத்தைத் தாங்கிய மெட்ராஸ்காரர்களை அப்படித்தான் கூப்பிட்டோம், அவர்கள் இல்லாமல் நாங்கள் ஓர் ஓடையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம் என்றார். அதன் பிறகு நான் பணியில் இருந்த இரவுகளில் என்னையும் தம்பி என்றே அழைத்தார். நான் திருத்தவில்லை. அந்தக் குளிர்காலம் முடியும் முன் அவர் இறந்தார். பஸ்ரா பெரியப்பாவைத் தேட வேண்டும் என்ற எண்ணம் முதன்முதலில் அவர் கட்டில் பக்கத்தில்தான் எனக்கு வந்தது. தகட்டைக் கையில் தொட்ட அன்று அது உறுதியாயிற்று.

பஸ்ரா என்பது பாரசீக வளைகுடா முனைக்கு அருகில் உள்ள துறைமுகம். பம்பாயில் கப்பலேறியவர்கள் அங்கே இறங்கி டைக்ரிஸ் ஆற்றை ஒட்டி பாக்தாத்தை நோக்கிப் போனார்கள். அதனால் மெசபடோமியா முழுவதுமே நம் கிராமங்களுக்குப் ‘பஸ்ரா’ ஆனது. அந்தப் போரில் 1917 பிப்ரவரியில் கூட் நகருக்கு அருகே ஷும்ரான் வளைவில் ஆற்றைக் கடந்தது பெரிய நிகழ்வு. எதிர்க்கரையிலிருந்து துருக்கியரின் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, காலாட்படையைத் தோணிகளில் ஏற்றித் துடுப்பு வலித்துக் கரை சேர்த்ததில் மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களின் பங்கு அந்தப் படையின் பெருமைகளில் ஒன்று. குண்டுக்கு இரையானவர்களோடு வெயிலாலும் காலராவாலும் இறந்தவர்களும் அங்கே ஏராளம். எங்கள் பெரியவர் தோணியில் இருந்தாரா, கூடாரத்தில் இருந்தாரா, எனக்குத் தெரியாது.

விம்பிள்டனில் கேப் ரோடு கல்லறைத் தோட்டத்துக்கு அந்த நாட்களில் அடிக்கடி போனேன். பொதுக் கல்லறைகளுக்கு நடுவே வெள்ளைக் கற்கள் சில தனியே தெரியும். இரண்டு உலகப்போர்களிலும் உயிர்நீத்தவர்கள். 1917-இல் ஃபேபியன் வேர் என்பவர் முயற்சியால் அமைந்த போர்க் கல்லறை ஆணையம் ஒரு கொள்கை வகுத்தது. தளபதியோ சிப்பாயோ, பணக்காரனோ ஏழையோ, எல்லாருக்கும் ஒரே அளவுக் கல், ஒவ்வொருவருக்கும் பெயர். வீட்டார் விரும்பினால் 66 எழுத்துக்குள் ஒரு வரி சேர்க்கலாம். தாய் சொன்ன வரி, மனைவி சொன்ன வரி என்று அந்தக் கற்களில் இன்றும் படிக்கலாம். அந்தக் கொள்கையை நான் மனதார வணங்குகிறேன். உலகில் எத்தனையோ போர்கள் நடந்திருக்கின்றன. கடைசிச் சிப்பாய் வரை பெயர் எழுதுவோம் என்று ஓர் அரசு முன்வந்தது மனித குலம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

அந்தக் கொள்கை பஸ்ராவை எட்டவில்லை. 1929-இல் அங்கே திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் மெசபடோமியாவில் இறந்து கல்லறை இல்லாத 40,000-க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். வெள்ளையர் எல்லாருக்கும் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. 30,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண். இந்தப் பிரிவில் இத்தனை பேர், அவ்வளவுதான். ஆணையமே 2021 ஏப்ரலில் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. முதல் உலகப்போரில் இறந்தவர்களில் ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. காரணம் இனவெறி என்று அந்த அறிக்கை வெளிப்படையாகவே சொன்னது. நாடாளுமன்றத்தில் அரசு மன்னிப்புக் கேட்டது. அன்று காலை அந்தச் செய்தியை வார்டின் ஓய்வறையில் படித்துவிட்டு நான் அழுதேன். உடன் வேலை செய்யும் நைஜீரியப் பெண்ணும் அழுதாள். அவளுக்கும் அப்படி ஒரு பாட்டனார் இருந்தார்.

கல்லில் வெட்டாவிட்டாலும் ஏடுகளில் பல பெயர்கள் இருக்கின்றன. ஆணையத்தின் இணையதளத்தில் தேடினேன். இன்னார் மகன், வட ஆற்காடு மாவட்டம், இன்ன ஊர் என்று சில பதிவுகளில் உண்டு. முனுசாமி, கோவிந்தசாமி, சின்னசாமி, ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். என் பெரியவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆனால் பெயர் தெரியாமல் பெயர்ப் பட்டியலில் எப்படித் தேடுவது? தந்தையின் பெயரை வைத்துத் தேடினேன், ஊரை வைத்துத் தேடினேன். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, கண்ணில் படும் வட ஆற்காட்டுப் பெயரையெல்லாம் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினேன். எவராவது ஒருவர் அவராக இருப்பார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டின் முன் நின்றேன். சிறுவயதில் அப்பா அதிலுள்ள கல்வெட்டை எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுத் தந்திருக்கிறார். இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். இதே வாசகத்தோடு எண் மட்டும் மாறும் கற்கள் நம் நாட்டின் பல ஊர்களில் உண்டு. 277, 14. சிறுவயதில் அது எனக்குக் கணக்குப் பாடமாக இருந்தது. அந்த முறை நின்று பார்த்தபோது அந்த 14 பேரின் அம்மாக்கள் இந்தத் தெருவில் அரிசி வாங்க வந்திருப்பார்களே, அண்ணாந்து பார்த்திருப்பார்களே என்று நினைத்தேன். பார்த்தாலும் தன் பிள்ளையின் பெயர் அதில் இருக்காது.

இத்தனைக்கும் பெயர் எழுதுவது நமக்குப் புதிதல்ல. வீரனுக்குக் கல் நடும் முறையை, கல்லைத் தேடிக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை, தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. வேலூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் குவிந்து கிடக்கின்றன. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, ஏழாம் நூற்றாண்டு. மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் பெயர் அதில் இருக்கிறது. அவனுடைய நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் அந்தக் கல் சொல்கிறது. நாயின் உருவமும் உண்டு, பெயரும் உண்டு. 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாட்டுமந்தைச் சண்டையில் நின்ற நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய மண்ணில், இருபதாம் நூற்றாண்டில் கடல் கடந்து இறந்த மனிதர்கள் வெறும் 14 ஆகிப் போனார்கள்.

அதே போரில் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. அந்தக் கப்பலின் பெயர் நம் பேச்சில் சொல்லாகவே தங்கிவிட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். சுட்ட கப்பலின் பெயர் குழந்தைக்கும் தெரியும். போய் மாண்ட நம்மவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

சிவப்புப் பூவை அணிவது பற்றி எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. அது நம்மை ஆண்டவர்களின் போர். விடுதலை இல்லாத நாட்டிலிருந்து போனவரின் தகட்டில் விடுதலைக்காக உயிர் நீத்தார் என்று எழுதியதைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. அப்படியிருந்தும் பூவை அணிந்துகொள்கிறேன். 11 ரூபாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்நிய ஆற்றங்கரையில் விழுந்த இருபது வயதுப் பையன் யாருடைய போர் என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கவில்லை. துக்கம் அவன் வீட்டுக்குத்தான் வந்தது. முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் பணியாற்றினார்கள், 74,000 பேர் மாண்டார்கள் என்று படிக்கும்போதெல்லாம் என் மனம் ஓர் ஊர், ஒரு வீடு, ஒரு சாமி மாடம் என்றுதான் எண்ணிப் பார்க்கிறது.

லண்டனில் நம்மவர் பெயர் ஒன்றை நான் எழுத்தில் கண்டது ஹைட் பார்க் கார்னரில். விம்பிள்டனிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் பிடித்து ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறிப் போகலாம். 2002 நவம்பரில் எலிசபெத் அரசியார் திறந்துவைத்த நினைவு வாயில்கள் அங்கே உள்ளன. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகளிலிருந்து வந்து போரிட்டவர்களுக்கானவை. பக்கத்திலுள்ள சிறு மண்டபத்தின் கூரையில் உயர்ந்த வீர விருதுகள் பெற்றவர்களின் பெயர்கள். அண்ணாந்து தேடினேன். சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார். 1944-இல் இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில், வெடிக்கப்போகும் கண்ணியின் மேல் தன் உடலைப் போட்டுத் தன்னோடு இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றவர். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்? கழுத்து வலிக்கும் வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதையெல்லாம் நான் சொல்லிக் கேட்டவர் என் தெருவில் இருக்கும் திருகோணமலை அக்கா. எஃப்ரா ரோட்டில், ஈழத்திலிருந்து வந்தவர்கள் 1981-இல் தொடங்கிய கணபதி கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து போவோம். 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது அவருடைய அம்மா சிறுமி. ஊரை விட்டு ஓடிய கதையை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அக்காவுக்கு அவருடைய சொந்தக் கதையும் உண்டு. 2009-இல் ஈழப் போரின் கடைசி வாரங்களில் அவர் தம்பி காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை. உடல் இல்லை, கல் இல்லை, இறந்தார் என்ற ஒரு காகிதம்கூட இல்லை. நவம்பர் வந்தால் அக்கா யாரிடமும் அதிகம் பேசமாட்டார்.

ஒவ்வொரு வெள்ளியும் அக்கா தம்பி பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்குவார். இறந்தவருக்கு அர்ச்சனை செய்வதில்லை; அக்கா அவரை இறந்தவராக எண்ணவில்லை. பெயர், நட்சத்திரம், ராசி என்று ஐயரிடம் சொல்வார். ஐயர் திருப்பிச் சொல்வார். சந்நிதியில் அந்தப் பெயர் ஒலிக்கும் அந்த நொடிக்காகத்தான் அக்கா வாரம் முழுவதும் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

பஸ்ரா பெரியப்பாவுக்கு ஒரு மோட்ச விளக்காவது ஏற்றலாம் என்றால் பெயரே தெரியாதே என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். “பேர் இருந்திருக்கும்தானே பிள்ளை? தாய் ஒருத்தி ஆசையா வெச்சிருப்பாள். நீ அந்தத் தாயை நினைச்சு ஏத்து” என்றார். அந்த வாரமே ஏற்றினேன். அக்கா பக்கத்தில் நின்றார்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் குன்றின் மேல் ஏறுகிறேன். தகடு வைத்திருந்த அம்மாளை மறுபடி ஒருமுறை பார்த்தேன். தன் பேத்தியைக் கூட்டி வந்திருந்தார். தகடு இப்போது அந்தப் பெண்ணின் கையில். அவளுக்கு ஒன்பது வயது. அந்தப் பெயரைப் பார்க்காமலே சொன்னாள்.

இதைப் படிப்பவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் இருப்பீர்கள், தர்மபுரி, சேலம், திருநெல்வேலி, மதுரைப் பக்கத்தவர்களும் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பரணில், பெட்டியின் அடியில், பூஜை அறை மூலையில் ஒரு பழைய பதக்கம் இருக்கலாம். விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். மஞ்சளேறிய பட்டாளத்துச் சான்றிதழ் இருக்கலாம். சூலமும் சிங்கமும் உள்ள ஒரு வெண்கலத் தகடு இருக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள பெயரைத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள், ஊரையும் தந்தை பெயரையும் சேர்த்து எழுதுங்கள், வீட்டில் உள்ள சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். வீட்டில் எண்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தால், முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள்.